"ரத்த ஓட்டம் சரியில்லை" என்றால் எங்கே சரியில்லை? அறிகுறியைப் பிடித்துத் தேடும் வழி

வார்டில் நர்ஸாக இருந்த காலத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம், "சிஸ்டர், ரத்த ஓட்டம் சரியில்லைன்னு நினைக்கிறேன்" என்பதுதான். கால் மரத்தால் ரத்த ஓட்டம், முடி கொட்டினால் ரத்த ஓட்டம், கண் இருட்டினால் ரத்த ஓட்டம். வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வது மாதிரிதான் இது. மோட்டார் ஓடவில்லையா, குழாய் அடைத்திருக்கிறதா, வழியில் எங்கேயாவது ஒழுகுகிறதா, தொட்டியிலேயே தண்ணீர் இல்லையா என்று பிளம்பர் வந்ததும் கேட்பார். உடம்புக்கும் அதே கேள்விகள்தான். ஒரே ஒரு கேள்வி கூடுதல்: போனது திரும்பி வருகிறதா? வீட்டுக் குழாயில் தண்ணீர் வெளியே போய்விடும். உடம்பில் ரத்தம் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். நான் பார்த்த கோளாறுகளில் பாதி, திரும்பும் வழியில் இருந்தவை.

சுற்று இப்படிப் போகிறது. இதயத்தின் இடது கீழறை தள்ளும் ரத்தம் தமனி வழியாகப் போகிறது. தமனி பிரிந்து பிரிந்து கடைசியில் தலைமுடியைவிட மெல்லிய தந்துகி ஆகிறது. கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கேதான். தந்துகிகள் மறுபடி ஒன்றுகூடிச் சிரையாகி வலது இதயத்துக்கு வருகின்றன. வலது கீழறை அதை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அங்கே ஆக்ஸிஜனை வாங்கிக்கொண்டு மறுபடி இடது பக்கம். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்று பெருக்கிப் பாருங்கள். உடம்பில் இருக்கும் சுமார் 5 லிட்டர் ரத்தமும் ஒரு நிமிஷத்தில் ஒரு சுற்று வந்துவிடுகிறது.

அழுத்தக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் திரும்பத் திரும்ப வரும். எண்கள் எல்லாம் பிபி மெஷின் காட்டும் அதே அலகில். பெருந்தமனியில் 120/80. தந்துகிக்குள் நுழையும்போது 35 அளவு, வெளியேறும்போது 15. வலது மேலறைக்கு வந்து சேரும்போது பூஜ்யத்தை ஒட்டி. அதாவது இதயம் கொடுத்த வேகமெல்லாம் போகும்போதே செலவாகிவிடுகிறது. திரும்பும் வழியில் இருப்பது சொற்ப அழுத்தம். அந்தத் திரும்பும் குழாய்களில்தான் எந்நேரமும் மொத்த ரத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. "ஊசி போட நரம்பு கிடைக்கலை" என்று நாங்களே சொல்வோம். அங்கே நரம்பு என்றால் சிரை. "நரம்புத் தளர்ச்சி" என்னும்போது அது மூளையிலிருந்து வரும் நரம்பு. இலங்கைப் பாடப்புத்தகத்தில் தமனியை நாடி என்றும் சிரையை நாளம் என்றும் சொல்வார்கள், அது கொஞ்சம் தெளிவு. இந்தக் குழப்பத்தால்தான் கால் மரத்துப்போனவர்கள் எல்லாரும் ரத்த ஓட்டத்தைச் சந்தேகிக்கிறார்கள்.

தேடத் தொடங்கும் முன்: நெஞ்சு

நெஞ்சின் நடுவில் கல்லை வைத்தது போல அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுகிறது, குப்பென்று வியர்க்கிறது என்றால் படிப்பதை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள். இலங்கையில் 1990. சோடா, ஓமத் தண்ணீர், "வாயுப் பிடிப்புதான், ஏப்பம் வந்தா சரியாயிடும்" என்று போக்கிய நேரம்தான் நான் பார்த்த மிகப் பெரிய இழப்பு. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பும் குமட்டலும் அசதியுமாகக்கூட வரலாம். தானாக வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், மாடிப்படி ஏற வேண்டாம். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்தவர், வேறு ரத்தக் கசிவு இல்லாதவர், 108-இல் பேசுபவரிடம் கேட்டுக்கொண்டு 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? உடம்பு முழுவதற்கும் ரத்தம் தள்ளும் இதயச் சதை, தன் அறைக்குள் இருக்கும் ரத்தத்தைக் குடித்துக்கொள்ள முடியாது. பெருந்தமனியின் வேரில் பிரியும் இரண்டு சிறு தமனிகள்தான் அதற்குச் சோறு போடுகின்றன. இடது கீழறைச் சதை தன் பங்கைப் பெரும்பாலும் சுருங்கி விரியும் இடைவெளியில்தான் வாங்குகிறது, ஏனென்றால் சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. அந்தத் தமனியில் ஒன்று அடைத்தால் சதை நிமிஷக் கணக்கில் சாகத் தொடங்குகிறது. செத்த சதை திரும்ப வராது.

சரி, அவசரம் இல்லாதவர்கள் தொடரலாம்.

கை, கால் மரத்துப்போகிறது

பெரும்பாலும் இது ரத்த ஓட்டமே இல்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் காலில் எறும்பு ஊர்வது, முழங்காலுக்குப் பக்கவாட்டில் ஓடும் நரம்பு நசுங்கியதால். இரவில் கை மரத்து எழுந்து உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. இரண்டு பாதமும் பஞ்சில் நடப்பது போல இருந்தால் சர்க்கரையைப் பாருங்கள்.

பிரித்தறிய ஒரு வழி: மரத்த விரலின் நகத்தை அழுத்தி வெளுக்க வைத்து விடுங்கள். 2 நொடிக்குள் சிவந்தால் தந்துகி வரை ரத்தம் வருகிறது. விரல் வெதுவெதுப்பாகவும் இருந்தால், இந்தக் கட்டுரையில் உங்களுக்கு வேலை இல்லை. நரம்பு மருத்துவரிடம் போங்கள். ஆனால் ஒரு கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, தாங்க முடியாத வலியோடு மரத்தால் அது தமனி அடைப்பு. சில மணி நேரத்தில் காலையே இழக்க நேரிடும். உடனே போக வேண்டும்.

எழுந்து நின்றால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது

படுக்கையில் புரளும்போது வீடே சுற்றினால் அது பெரும்பாலும் காதின் வேலை. எழுந்து நிற்கும்போது மட்டும் இருட்டினால் ரத்த ஓட்டம்.

நாம் எழுந்து நின்ற சில நொடிகளில் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது. திரும்பாததை இதயம் தள்ள முடியாது. கழுத்துத் தமனியில் அழுத்தத்தைக் கவனிக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை இதைக் கண்டுபிடித்துத் துடிப்பைக் கூட்டச் சொல்கின்றன, குழாய்களைச் சுருக்கச் சொல்கின்றன. நமக்குத் தெரியாமலே ஒரு நாளில் எத்தனையோ தடவை நடக்கும் வேலை. இது தாமதமானால் கண் இருட்டும்.

வீட்டு பிபி மெஷின் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். 5 நிமிஷம் படுத்திருந்து ஒருமுறை எடுங்கள். எழுந்து நின்று 1 நிமிஷத்திலும் 3 நிமிஷத்திலும் எடுங்கள். பக்கத்தில் யாராவது நிற்கட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் கோளாறு உறுதி. இப்போது நாடித் துடிப்பைப் பாருங்கள், அங்கேதான் விடை இருக்கிறது. அழுத்தம் இறங்கி நாடி விறுவிறுவென்று ஏறினால் கட்டளை சரியாகப் போகிறது, ஆனால் தொட்டியில் ரத்தம் போதவில்லை: வயிற்றுப்போக்கு, வெயில், தண்ணீர் குடிக்காதது, எங்கேயாவது கசிவு. மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா என்று கேட்காமல் விடாதீர்கள், அது குடலுக்குள் ரத்தம் கசிவதாக இருக்கலாம். (இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், பயந்துவிட வேண்டாம்.) அழுத்தம் இறங்கியும் நாடி அப்படியே கிடந்தால் கட்டளையே போகவில்லை. வெகுநாள் சர்க்கரை நோயாளிகளில் இதைப் பார்க்கலாம். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் நாடி ஏறாது, அதைக் கணக்கில் எடுங்கள்.

மாத்திரைப் பட்டியலையும் புரட்டுங்கள். பிராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், பிபிக்குக் கொடுக்கும் பிராசோசின், நீர் மாத்திரை, நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைப்பது எல்லாம் இதைச் செய்யும். ராத்திரி பாத்ரூமுக்கு எழும் தாத்தாக்கள் விழுவதில் இந்த மாத்திரைகளுக்குப் பங்கு உண்டு. படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, பாதத்தைப் பத்துப் பதினைந்து தடவை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழச் சொல்லுங்கள்.

மயங்கி விழுந்துவிட்டார்

பள்ளிக்கூடக் காலை வழிபாட்டில் வெயிலில் நிற்கும் பிள்ளை, கோயில் கூட்டத்தில் வரிசையில் நிற்கும் அக்கா, ரத்தம் எடுக்க ஊசியைக் கண்டதும் சாயும் வாட்டசாட்டமான ஆள். மூவருக்கும் நடந்தது ஒன்றுதான்: துடிப்பு மந்தமாகி, குழாய்கள் தளர்ந்து, மூளைக்கு ஏறும் ரத்தம் குறைந்தது. விழுவதே இதற்கு வைத்தியம். படுத்துவிட்டால் தலையும் இதயமும் ஒரே மட்டம், ரத்தம் ஏற வேண்டிய உயரமே இல்லை.

நம் ஊரில் என்ன செய்கிறோம்? நாலு பேர் சேர்ந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, முகத்தில் தண்ணீர் அடித்து, மயக்கத்திலேயே வாயில் சோடா ஊற்றுகிறோம். உட்கார வைத்ததால் மயக்கம் நீள்கிறது. ஊற்றியது மூச்சுக்குழாயில் போகிறது. படுக்கவிடுங்கள். மூச்சு இருக்கிறதா பாருங்கள், காலை ஒரு அடி உயர்த்திப் பிடியுங்கள், கூட்டத்தை விலக்குங்கள். ஒன்றிரண்டு நிமிஷத்தில் முழிப்பார். முழிக்கவில்லை என்றாலோ, ஓடும்போது அல்லது படியேறும்போது விழுந்தார் என்றாலோ, முன்னறிவிப்பே இல்லாமல் கட்டையாக விழுந்தார் என்றாலோ அது வேறு கதை, இதயத்தைப் பார்க்க வேண்டும். மூச்சு இல்லை என்றால் காலைத் தூக்கிக்கொண்டிருக்காதீர்கள், 108-ஐ அழைத்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

சாயங்காலமானால் கால் வீங்குகிறது

இதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப்போகிறேன். ஒரே அறிகுறிக்குப் பின்னால் இத்தனை வழிகள் வேறு எதற்கும் இல்லை.

தந்துகியின் சுவர் நீரைக் கசியவிடும். உள்ளே இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் இருக்கும் புரதம், முக்கியமாக ஆல்புமின், சுமார் 25 அளவுக்கு நீரை உள்ளே பிடித்து வைக்கிறது. ஆங்கிலேய உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896-இல் காட்டிய இழுபறி இது. மிச்சமாக வெளியே தங்கும் நீரை நிணநீர்க் குழாய்கள் வாரிக்கொண்டு போய்க் கழுத்தடியில் மறுபடி ரத்தத்தில் சேர்க்கின்றன. ஆகவே வீக்கம் என்றால் நாலு கேள்வி: தள்ளுவது கூடிவிட்டதா, பிடித்து வைக்கும் புரதம் குறைந்துவிட்டதா, சுவரே ஓட்டையாகிவிட்டதா, வாரிக்கொண்டு போகும் வாய்க்கால் அடைத்துவிட்டதா.

கடைசியில் இருந்து வருகிறேன். சுவர் ஓட்டையாவதை மட்டும் கட்டுரையின் கடைசியில், டெங்குவில் பார்ப்போம். வாய்க்கால் அடைப்பு என்றால் நமக்குத் தெரிந்த யானைக்கால். கொசு கொண்டுவந்த புழு நிணநீர்க் குழாயில் குடியிருந்து அதைக் கெடுத்துவிடுகிறது. அழுத்தினால் ஆரம்பத்தில் குழி விழும், நாளாக நாளாகத் தோல் தடித்து குழியே விழாது. புரதம் குறைவு என்றால் கால் மட்டும் வீங்காது. காலையில் எழும்போது கண் இமை உப்பியிருந்தால் சிறுநீரகம், வயிறு பெருத்துக் கால் வீங்கினால் ஈரல் என்று பார்க்கத் தொடங்குவார்கள்.

பெரும்பாலானவர்களுக்குத் தள்ளும் அழுத்தம்தான் பிரச்சினை. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் 90 அளவு அழுத்தம் இருக்கிறது. இதயம் தள்ளியதால் வந்தது இல்லை, இதயத்திலிருந்து கணுக்கால் வரை நிற்கும் ரத்தத்தூணின் எடை. நடந்தால் அதே இடத்தில் 30-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. கெண்டைச் சதை ஒவ்வொரு அடிக்கும் சிரையைப் பிழிகிறது, சிரைக்குள் இருக்கும் வால்வுகள் பிழிந்ததைக் கீழே இறங்கவிடுவதில்லை.

அந்த வால்வுகளை உங்கள் கையிலேயே பார்க்கலாம். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் அச்சிட்ட புத்தகத்தில் படம் போட்டுக் காட்டிய சோதனை. மேல்கையில் துண்டை லேசாகக் கட்டுங்கள், முன்கையில் சிரை புடைக்கும். மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் சிரையை அழுத்திப் பிடித்து, இன்னொரு விரலால் முழங்கைப் பக்கமாக வழித்துவிட்டு எடுங்கள். வழித்த துண்டு காலியாகவே கிடக்கும், மேலிருந்து ரத்தம் திரும்பி வராது. கீழ்விரலை எடுத்த நொடி, மணிக்கட்டுப் பக்கமிருந்து நிரம்பும். வால்வைக் காட்டியது இத்தாலியின் படுவாவில் ஹார்விக்கு ஆசிரியராக இருந்த ஃபாப்ரீசியஸ், எதற்காக இருக்கிறது என்று புரிந்துகொண்டது மாணவர். ஈரல் சாப்பாட்டிலிருந்து புது ரத்தம் தயாரிக்கிறது, உடம்பு அதைச் செலவழிக்கிறது என்று பழங்கால கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து நம்பி வந்தார்கள். அரை மணி நேரத்தில் இதயம் தள்ளுவது உடம்பில் இருக்கும் மொத்த ரத்தத்தையும்விட அதிகம் என்று ஹார்வி கணக்குப் போட்டார். அப்படியென்றால் அதே ரத்தம்தான் திரும்பி வர வேண்டும். தமனியிலிருந்து சிரைக்கு எப்படித் தாவுகிறது என்பதை மட்டும் அவர் பார்க்கவில்லை. அவர் இறந்து நாலு வருஷம் கழித்து, 1661-இல் இத்தாலிய மருத்துவர் மால்பீகி நுண்ணோக்கி வழியாகத் தவளையின் நுரையீரலில் தந்துகிகளைப் பார்த்தார்.

கதையை விட்டுக் காலுக்கு வருவோம். டீ மாஸ்டர், முடி திருத்துபவர், ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் பெண்கள் என்று நின்றே வேலை செய்கிறவர்களுக்கு அந்த 90 அளவு அழுத்தம் நாள் முழுக்க இருக்கும். சிரை விரிந்து வால்வு மூடாமல் போய், காலில் பச்சை நிறத்தில் நெளிந்து புடைக்கிறது. நரம்பு சுருட்டிக்கொண்டது என்பார்கள், டாக்டர் வெரிகோஸ் என்பார். 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியருக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். நல்ல சட்டம், ஆனால் ஸ்டூலில் காலைத் தொங்கப்போட்டு அசையாமல் உட்கார்ந்தாலும் கெண்டைப் பம்பு ஓடாது. குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். புடைத்த சிரையில் அடிபட்டு ரத்தம் பீய்ச்சினால் பதறி நின்றுகொண்டு துணி சுற்றாதீர்கள். படுங்கள், காலை உயரத் தூக்குங்கள், விரலால் அழுத்துங்கள். படுத்தவுடன் ரத்தத்தூணே போய்விடுகிறது, கசிவு அடங்கிவிடும்.

இன்னொரு காரணத்தை என் அம்மா மூலம் கற்றுக்கொண்டேன். ஓராண்டு காலம் அம்மாவின் இரண்டு கணுக்காலும் சாயங்காலமானால் உப்பிக்கொண்டது. உப்பைக் குறைத்தோம், வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் நீர் மாத்திரை கொடுத்தார்கள், அப்பளம் ஊறுகாயை ஒளித்து வைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. இதய ஸ்கேனான எக்கோவும் சிறுநீரகப் பரிசோதனையும் சரியாக இருந்தன. கடைசியில் ஒரு டாக்டர்தான் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: அம்லோடிபின். பிபிக்கு எங்கும் கொடுக்கும் மாத்திரைதான். அது சிறு தமனிகளைத் திறந்துவிடுகிறது, சிரைகளை அந்த அளவுக்குத் திறப்பதில்லை. வாசல் அகலமாகி வெளிவழி அப்படியே இருந்தால் நடுவில் தந்துகியில் அழுத்தம் கூடாமல் என்ன செய்யும்? உடம்பில் நீர் அதிகமாகி வந்த வீக்கம் இல்லை என்பதால் நீர் மாத்திரைக்கு அது அசையாது. அளவைக் குறைத்து வேறொன்றைச் சேர்த்தார், மூன்று வாரத்தில் கொலுசு மறுபடி சுற்றியது. நர்ஸ் வீட்டிலேயே இந்த லட்சணம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அட்டையோடு போய்க் கேளுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது

இது மேலே சொன்னதோடு சேராது. இதயம், சிறுநீரகம், மாத்திரை எதுவும் பொதுவாக ஒரு காலைத் தேர்ந்தெடுத்து வீங்க வைப்பதில்லை. ஆபரேஷன், பிரசவம், எலும்பு முறிவுக் கட்டு, நீண்ட பயணம் இவற்றுக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் உப்பி, சூடாக, தொட்டால் வலித்தால் உள்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் தேய்த்து நீவிவிடவே கூடாது. கட்டி பெயர்ந்தால் எங்கே போகும் என்று சுற்றைப் பின்தொடர்ந்து பாருங்கள். சிரை போகப் போக அகலமாகிறது, எங்கேயும் சிக்காது. வலது இதயம் விசாலம். அதற்கடுத்து அது சந்திக்கும் முதல் குறுகிய குழாய் நுரையீரலில். அங்கே போய் அடைக்கும். அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். கால் வீக்கத்தோடு மூச்சு வாங்கினால் ஸ்கேன் சென்டர் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது

எவ்வளவு தூரத்தில் என்று கேளுங்கள். "பஸ் ஸ்டாப் வரைக்கும் சரி, அதுக்கு மேல முடியலை, ரெண்டு நிமிஷம் நின்னா போயிடும்" என்று தினமும் ஒரே தூரத்தைச் சொன்னால் போகும் குழாய் குறுகியிருக்கிறது. ஓய்வில் இருக்கும் சதைக்குப் போதும் ரத்தம், நடக்கும் சதைக்குப் போதவில்லை. சும்மா நின்றாலே வலி போய்விடும் என்பது முக்கியம். நின்றால் போகாமல், உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் போகிறது, சைக்கிள் மிதித்தால் வலியே இல்லை என்றால் அது இடுப்புப் பக்க முதுகெலும்பில் நரம்பு நெரிபடுவது. எத்தனையோ பேர் இதைப் பிரிக்காமல் வருஷக்கணக்கில் தைலம் தேய்க்கிறார்கள்.

பாதத்தின் மேற்புறத்திலும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பிடித்துப் பாருங்கள். மேற்புற நாடி சிலருக்கு இயல்பிலேயே கிடைக்காது, அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும். கணுக்கால் பிபியின் மேல் எண்ணைக் கை பிபியின் மேல் எண்ணால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு. பீடி, சிகரெட், சர்க்கரை மூன்றும் முக்கியக் குற்றவாளிகள். நாற்பது வயதுகூட ஆகாதவர் கால்விரல் கறுத்து வந்தால் முதலில் பீடிக் கணக்கைத்தான் கேட்போம். விட்டால் நிற்கும், விடாவிட்டால் விரல் விரலாகப் போகும். வலிக்கிறதே என்று நடையை நிறுத்தாதீர்கள் என்பதுதான் பலருக்கு ஆச்சரியம். வலி வரும்வரை நட, நில், மறுபடி நட என்று வாரம் மூன்று நாள், அரை மணி முதல் முக்கால் மணி, மூன்று மாதம் நடந்தால் தூரம் கூடும். பாதத்தில் ஆறாத புண் இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது

எத்தனை தலையணை என்று கேட்பது வார்டுப் பழக்கம். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் ஈஸிசேரில் தூங்குகிறார் என்றால் இடது இதயம் சோர்ந்துவிட்டது. படுத்ததும் காலில் இருந்த ரத்தம் நெஞ்சுக்கு வருகிறது. வலது பக்கம் வழக்கம்போல நுரையீரலுக்கு அனுப்புகிறது, இடது பக்கத்தால் எடுத்துத் தள்ள முடியவில்லை. நடுவில் நுரையீரல் தந்துகியில் தேங்குகிறது. வழக்கமாக 10 அளவில் இருக்கும் அழுத்தம் அந்தப் புரதக் கணக்கான 25-ஐத் தாண்டினால் நீர் காற்றறைகளுக்குள் கசியும். எழுந்து உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் கொஞ்சம் தணிவதும் இதே காரணத்தால்தான். நுரை நுரையாகச் சளி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வலது பக்கம் சோர்ந்தால் தேக்கம் உடம்பில்: கால் வீக்கம், வலது விலா அடியில் ஈரல் கனத்து வலி, கழுத்துச் சிரை புடைப்பு. இளம்பெண்ணுக்கு முதல் கர்ப்பத்தில் மூச்சு வாங்கினால் இன்னொரு சந்தேகமும் வரும். சிறு வயதில் தொண்டைப் புண்ணுக்குப் பிறகு வந்த வாதக் காய்ச்சல், இடது பக்க வால்வைச் சத்தமில்லாமல் குறுக்கியிருக்கலாம். கர்ப்பத்தில் ரத்தம் 40 முதல் 50 சதவீதம் கூடும்போதுதான் அந்தக் குறுகல் வெளிப்படும். அந்தக் காய்ச்சல் திரும்பாமலிருக்க மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள், "இப்பதான் நல்லாயிருக்கே" என்று நிறுத்திவிட்டு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

நெஞ்சு படபடக்கிறது

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் மூன்று விரல் வைத்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். ஒழுங்காக, ஆனால் வேகமாக இருந்தால் காய்ச்சல், பயம், தைராய்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ரத்தசோகை. ஹீமோகுளோபின் 7 இருந்தால் இதயம் இரட்டைச் சுற்று ஓடித்தான் ஈடுகட்ட வேண்டும். நடுவில் ஒன்று விடுபட்டு அடுத்தது 'தொம்' என்று அடித்தால் பெரும்பாலும் முந்திக்கொண்ட துடிப்பு. இடைவெளியில் அதிகம் நிரம்பியதால் அடுத்த அடி பலமாக விழுகிறது. எந்த ஒழுங்கும் இல்லாமல் மழைத்துளி மாதிரி அடித்தால் ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும். மேலறை துடிக்காமல் நடுங்கிக்கொண்டிருந்தால் அதன் மூலையில் ரத்தம் உறையும். கால் சிரையின் கட்டி நுரையீரலுக்குப் போனது அல்லவா, இது இடது பக்கத்துக் கட்டி. பெருந்தமனி வழியாக மூளைக்குப் போகும்.

மெஷின் ஒவ்வொரு தடவையும் வேறு எண் காட்டுகிறது

மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் முன் கையைப் பாருங்கள். இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே தொங்கினால் 8 அளவு கூடுதலாகக் காட்டும், அதே ரத்தத்தூண் கணக்குதான். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் கூடும். பேசினால், கால் மேல் கால் போட்டால், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தால் கூடும். 5 நிமிஷம் முதுகு சாய்த்து உட்கார்ந்துவிட்டு, ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை. முதல் நாள் இரண்டு கையிலும் எடுத்துப் பார்த்து, எது கூடுதலோ அந்தக் கையையே எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் கை கால் சில்லென்று இருக்கிறது

டெங்கு காலத்தில் நான் மிகவும் பயந்த நேரம் இது. வீட்டில் எல்லாரும் பிளேட்லெட் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், பப்பாளி இலை தேடி ஊரெல்லாம் அலைவார்கள். ஆபத்து பெரும்பாலும் வேறு இடத்தில்: தந்துகிச் சுவர் ஓட்டையாகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் சமயத்தில், ரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சுக் கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் கசிகிறது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாது. குழாய்க்குள் மிஞ்சுவது கெட்டியான ரத்தம், பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் எண்) ஏறும்.

பிபி எடுத்தால் 100/80 காட்டும். மேல் எண்ணை மட்டும் பார்த்து "நார்மல்" என்று விட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். தள்ளுவதற்கு ரத்தம் போதாததால் மேல் எண் ஏறவில்லை. இருப்பதைக் காப்பாற்றக் குழாய்கள் இறுகிவிட்டதால் கீழ் எண் இறங்கவில்லை. இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே என்றால் அதிர்ச்சி நிலை தொடங்கிவிட்டது. பிள்ளை பேசும், சிரிக்கும், டிவி கேட்கும். ஆனால் பாதம் சில்லிட்டிருக்கும், நகம் சிவக்க 2 நொடிக்கு மேல் ஆகும்.

இந்த ஒன்றிரண்டு நாளில் சரியான அளவு ட்ரிப்ஸ்தான் மருந்து. கசிந்த நீர் அப்புறம் தானாகக் குழாய்க்குத் திரும்பும். அந்த நேரத்திலும் பாட்டிலை ஓட்டிக்கொண்டிருந்தால் நுரையீரல் நிரம்பிவிடும், அதனால்தான் வார்டில் மணிக்கு மணி அளந்துகொண்டிருப்பார்கள், "இன்னொரு பாட்டில் போடுங்க" என்று சண்டை போடாதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூஃபென், மெடிக்கலில் போடும் வலி ஊசி எதுவும் கூடாது. காய்ச்சல் விட்ட பிறகு வயிறு விடாமல் வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, பிள்ளை துவண்டாலோ, நாலு முதல் ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ, காலையில் ரிப்போர்ட் வரட்டும் என்று உட்காராமல் ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்புங்கள்.